டில்லியின் வெள்ளைச் சட்டை

1

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் வேலையை ஓரமாக வைத்துவிட்டு, கேக்கும் காப்பியுமாக எல்லோரும் நீள மேசையைச் சுற்றி உட்காருவோம். வடிவமைப்பாளர்களில் ஒருவர் எழுந்து நின்று, தான் எப்படி வேலை செய்கிறார், யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார், வெற்றுத் திரையில் முதல் கோட்டை எங்கே போடுவார் என்றெல்லாம் படங்களோடு சொல்ல வேண்டும். நான் ஜெர்மனிக்கு வந்து, இந்த ப்ரேமன் நகரத்தில் தயிர் டப்பாவுக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் அட்டை வரைய ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இந்த வெள்ளிக்கிழமைப் பேச்சிலிருந்து மட்டும் நழுவிக்கொண்டே இருந்தேன். மொழி இன்னும் சரியாக வரவில்லை என்பேன். ஒருமுறை பல்வலி என்றேன். இந்தத் தடவை பக்கத்து நாற்காலிக்காரி ஆன்யா என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் பெரிய இடத்துக் கதை சொன்னவர்கள். ஒருத்தர் சின்ன வயதில் ரயில் கால அட்டவணைகளைச் சேர்த்தாராம். ஆன்யாவுக்கு ஜப்பானியத் தேயிலைப் பொட்டலங்கள். இன்னொருவர் வெள்ளைத் தாளில் ஒரே ஒரு எழுத்தைக் காட்டி, அதன் வயிற்றுக்குள் இருக்கும் காலி இடத்தைப் பற்றியே முழு நேரமும் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

நான் எதைச் சொல்வேன்? நான் தொழில் கற்றது கண்ணீர் அஞ்சலி பேனரில். பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த ஃப்ளெக்ஸ் கடையில். செத்துப்போனவரின் முகம் திரையில் இருக்கும். அவர் பிள்ளைகள் என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார்கள். அப்படிக் கற்றுக்கொண்ட கை இது. இதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது என்று குழம்பிக்கொண்டிருந்த வாரத்தில்தான் செல்வி கூப்பிட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். அலுவலக வாசலில், தூறலுக்கு ஒதுங்கி நின்று பேசினேன்.

"டிசைனர் அக்காவா?"

"ஆமா செல்வி, சொல்லு."

"அவரு பூட்டாருக்கா."

அவர் என்றால் டில்லி. டில்லிபாபு. அந்தக் கடையில் அச்சு இயந்திரத்தை ஓட்டியவன், செல்வியின் புருஷன், என்னைவிடச் சின்னவன். காலையில் கடையைத் திறந்து ஃப்ளெக்ஸ் ரோலைத் தூக்கி இயந்திரத்தில் மாட்டியிருக்கிறான். நெஞ்சை என்னமோ பண்ணுது என்று ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான். எடுத்து, பாலும் ஊற்றிவிட்டார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள், என்ன சொந்தம் என்று சொல்வார்கள்?

"காரியத்துக்கு பேனர் வெக்கணும்கா. நீதான் செஞ்சி தரணும். அவரு சொல்லிகினே இருப்பாரு, எனக்குன்னா எங்க டிசைனர் அக்காதான் போடும், வேற எவன் கையும் என் மூஞ்சி மேல படக்கூடாதுன்னு."

"செய்றேன் செல்வி. கண்டிப்பா செய்றேன்."

"ஒண்ணே ஒண்ணுக்கா." அவள் குரல் அதுவரை உடையவில்லை, இப்போது உடைந்தது. "அந்த வெள்ளச் சட்ட மட்டும் வேணாம்."

2

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்வதற்கு முன், எங்கள் வேலை எப்படி நடந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

நான் ஆவடிக்காரி. அப்பாவுக்கு அங்கே பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து குடியிருப்பில் இருந்தோம், பிறகு சேக்காட்டில் வீடு கட்டினோம். இடதுபக்கத்து வீட்டில் தெலுங்கு, வலதுபக்கத்தில் கோயம்புத்தூர் என்று வளர்ந்ததில் என் தமிழ் எந்த ஊர்த் தமிழும் இல்லாமல் போனது. பூந்தமல்லிக் கடையில் சேர்ந்த அன்று டில்லி பேசியதில் பாதி புரியவில்லை. "இன்னாக்கா முயிக்கிற, நான் இன்னா இங்கிலீசா பேசிகினு கீறேன்?" என்றான். அவன் திருவேற்காடு போகிற வழியில் பழைய குடியானவர் வீட்டுப் பையன். அவன் அப்பா உழுத நிலம் மனைகளாகி, அதில் எழும்பிய அடுக்குமாடிகளில் ஒன்றுக்கு அவரே காவல்காரராகவும் இருந்தார்.

பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக்கூட்டம் எல்லாம் எங்கள் கடைக்கு வரும். ஆனால் சாவுதான் அவசரமாக வரும். மற்றதற்கு நாளை என்று சொல்லலாம், இதற்குச் சொல்ல முடியாது. வருகிறவர்கள் கையில் இருக்கும் போட்டோ எப்போதும் கல்யாணக் கும்பல் போட்டோவாகத்தான் இருக்கும். "இதோ, நாலாவதா நிக்கிறாரு பாருங்க, அவருதான்." அந்த நாலாவது ஆளின் தோளில் யாராவது ஒருவர் கைபோட்டிருப்பார். கைபோட்டவர் உயிரோடு இருப்பார். பெரும்பாலும் அவரேதான் போட்டோவை எடுத்துக்கொண்டு வந்து என் பின்னால் நிற்பார்.

உயிரோடு இருக்கிறவன் கை செத்தவன் தோளில் இருக்கக் கூடாது. எங்கள் பக்கம் அதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் என் முதல் வேலை அந்தக் கையை எடுப்பது. விரல் விரலாக எடுப்பேன். எடுத்த இடத்தில் சட்டை இருக்காது, வெறும் ஓட்டைதான் இருக்கும். அங்கே இல்லாத துணியை நான் நெய்ய வேண்டும். கைக்குச் சொந்தக்காரர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். சிலர் அந்த இடத்தில் தங்கள் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார்கள். நான் திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

பிறகு முகம். மூடிய கண்ணைத் திறப்பேன். "எங்கப்பா இவ்ளோ கறுப்பு இல்லம்மா, கொஞ்சம் வெள்ளையா போடு" என்பார்கள். வெளுப்பேன். "ஐயோ, இது எங்கப்பா மாதிரியே இல்லையே" என்பார்கள். மறுபடி கறுப்பாக்குவேன். அடுத்தது பெயர்களின் சண்டை. வருந்தும் மருமகன்களில் மூத்தவர் பெயர் முதலில் வர வேண்டுமா, பணம் கொடுக்கிறவர் பெயர் முதலில் வர வேண்டுமா என்று கடை வாசலில் உறவே முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கும் நான் எந்த வேலையையும் முகத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். பிஸ்கட் பெட்டியாக இருந்தாலும் அதில் முகம் எது என்று முதலில் தேடுவேன். முகத்தின் மேல் எழுத்தை ஏற்ற மாட்டேன். பெயரை முடித்ததும் வாய்விட்டு ஒருமுறை படிப்பேன். ஆன்யா இதைக் கேலி செய்வாள், தயிரிடம் பேசுகிறாள் என்பாள். பெயர் தப்பாகப் போன பேனரின் முன்னால் நின்று அழுத ஒரு பெண்ணை அவள் பார்த்ததில்லை.

3

ஒரு நாள் காலை, சாவு வீட்டிலிருந்து வந்தவர் கையில் வாக்காளர் அட்டை மட்டும்தான் இருந்தது. செத்தவருக்கு வேறு போட்டோவே கிடையாது. முகம் இருக்கிறது, கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. கடையில் இருந்த உடம்புகள் எல்லாம் கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரர்கள். அந்தப் பெரியவரோ கீரை விற்றவர். கோட்டு போட்டால் ஊரே சிரிக்கும்.

அந்த நேரம் பார்த்து டில்லி உள்ளே வந்தான். பளபளவென்று புது வெள்ளைச் சட்டை, வேட்டி. மதியம் திருவேற்காட்டில் பொண்ணு பார்க்கப் போகிறான், கடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறான்.

"டில்லி, அப்படியே நில்லு. ஒரு போட்டோ."

"இன்னாத்துக்குக்கா? பொண்ணு ஊட்டுக்கு அனுப்பவா?"

"ஒரு பெரியவருக்கு உடம்பு வேணும்."

அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அச்சடிக்காத ஃப்ளெக்ஸைச் சுவரில் தொங்கவிட்டு அதன் முன்னால் நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிந்தான். பிறகு, "சரி, பொண்ணு ஊட்டுல எப்பிடிக் கும்புடணும்னு இங்கியே பயகிக்கிறேன்" என்று இரண்டு கையையும் குவித்தான். நான் எடுத்தேன்.

கும்பிட்ட கையில் வலது கட்டைவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது. பேனர் ஓரத்தில் கயிறு கட்ட வளையம் அடிக்கும்போது சுத்தியல் பட்ட இடம், அது அவனுக்கு ஆறவே ஆறாது. அதை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "வுடுக்கா, அது நம்ப சுத்தி போட்ட பொட்டு" என்றான். விட்டுவிட்டேன்.

முகம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டுச் சேமித்தேன். கீரைக்காரப் பெரியவரின் முகத்தைக் கொண்டுவந்து வைத்தால், அளவெடுத்துத் தைத்ததைப் போல உட்கார்ந்தது. அவர் மகன் திரையைப் பார்த்துக் கும்பிட்டான். டில்லி ஒரு நிமிடம் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் கீறேன் நானு" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினான்.

அன்றைய டில்லியின் முகம் இப்போது எங்கும் இல்லை. பொண்ணு பார்க்கப் போன அந்த முகத்தை எவ்வளவு தேடினாலும் எனக்கு ஞாபகத்தில் கூடக் கொண்டுவர முடியவில்லை. கழுத்து வரைக்கும்தான் வருகிறது.

4

அந்த உடம்பு எந்தத் தலைக்கும் பொருந்தியது. ஒல்லி, பருமன், கிழவர், நடுவயது எல்லோரும் அதில் உட்கார்ந்தார்கள். ஓனர் சொக்கிப்போனார். அஞ்சலி பேனர் என்றால் வெள்ளைச் சட்டை, குவித்த கை என்று ஆனது. கொஞ்ச நாளில் பென் டிரைவ் வழியாக அது வேறு கடைகளுக்கும் போனது. அம்பத்தூரில் ஒரு சுவரில் பார்த்தேன், ஆவடி மார்க்கெட் பக்கம் பார்த்தேன். எங்கள் சேக்காட்டிலேயே, அப்பாவின் நண்பர் ஒருவர் போனபோது, தெருமுனையில் டில்லிதான் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

கல்யாணம் ஆன சில மாதத்தில் ஒரு நாள் செல்வி கடைக்குள் புயலாக நுழைந்தாள். பேருந்து நிலையத்தில் இறங்கியிருக்கிறாள், எதிர்ச் சுவரில் யாரோ ஒரு தாத்தா அவள் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"இன்னாக்கா அக்குரமம் இது? உசுரோட கீற மனுசன் ஒடம்ப எடுத்து சாவுக்குப் போடுவியா?"

"செல்வி, அது சும்மா போட்டோதான்..."

"சும்மாவா? நான் அன்னிக்கி இவரு மூஞ்சியப் பாக்கவே இல்ல தெரிமா? வெக்கம். தலையக் குனிஞ்சிகினு கையத்தான் பாத்தேன். கும்புட்டாரு. நகம் ஒண்ணு கறுத்துகினு கீதேன்னு பாத்தேன். அந்தக் கையப் பாத்துதான் சரின்னேன். இப்ப எந்தச் சுவரப் பாத்தாலும் அந்தக் கையி. எவன் எவனோ அதுல பூந்துகினு கீறான்."

டில்லி இயந்திரத்தின் பின்னாலிருந்து சிரித்தான். "வுடுடி, என் ஒடம்பு ஊரு ஒடம்பு." அவள் அவன் முதுகில் ஒன்று போட்டாள். அவள் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் கடையில் நிறுத்தினோம். ஆனால் ஊரில் நிறுத்த முடியவில்லை. கைமாறிக் கைமாறிப் போன படத்தை யார் வீட்டுக்குப் போய்க் கேட்பது? செல்வி அதற்குப் பிறகு பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை என்று டில்லி சொன்னான். வேடிக்கையாகத்தான் சொன்னான்.

நான் கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் அந்தப் படம் என்னோடு வந்தது. கணினி மாறும்போதெல்லாம் தானாக நகலாகிப் புதியதில் வந்து உட்காரும். என் மகள் மகிழ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைத் திறந்துவிட்டு அலறினாள். தலையில்லாத ஒருவர் கும்பிடுகிறார். தலை எங்கே என்று கேட்டாள். ஊரில் இருக்கிறது என்றேன். அப்போது அது உண்மை.

5

செல்வி போட்டோக்கள் அனுப்பினாள். ஆதார் அட்டை முகம். ஹெல்மெட் போட்ட முகம். மாஸ்க் போட்ட முகம். ஊருக்கெல்லாம் பேனர் அடித்தவனுக்கு நல்லதாக ஒரு போட்டோ இல்லை. கடைசியில் ஒன்று வந்தது. திருவேற்காடு கோயில் திருவிழாவில் எடுத்தது. வாய் நிறையச் சிரிக்கிறான். அவன் மகள் பவித்ரா பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண், அப்பன் கழுத்தில் குழந்தையாகத் தொங்குகிறாள்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். மகிழ் அவள் அறையில் தோழிகளோடு ஜெர்மனில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பது கூட இப்போது ஜெர்மன் சிரிப்பு. நான் அறைக்குள் போனால் பேச்சு மெதுவாகும். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும்.

பவித்ராவின் கையை எடுக்க ஆரம்பித்தேன். எத்தனையோ கை எடுத்தவள்தான். இந்தக் கை வரவில்லை. கண்ணாடி வளையல் அவன் கழுத்தில் அழுத்தி ஒரு சின்னக் கோடு விழுந்திருந்தது. கையை எடுத்த பிறகும் அந்தக் கோடு நின்றது. பிறந்த வீட்டிலிருந்து அழைத்துப் போக வந்தவர்கள் பெண்ணின் கையைப் பிரிப்பார்களே, அந்த ஞாபகம் வந்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அந்தக் கோட்டை மட்டும் அழிக்காமல் விட்டேன். காலருக்குள் மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது.

பிறகு, வேண்டாம் என்று சொன்னதைச் செய்தேன். யாருக்கும் காட்டப் போவதில்லை, ஒரே ஒரு முறை அவன் தலையை அவன் உடம்பில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வைத்தேன்.

உட்காரவில்லை.

பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், சாய்த்தேன். கழுத்து பருத்துவிட்டது. சிரித்ததில் தாடை ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது. அந்த உடம்பு இருபதுகளில் நின்றுவிட்டது, இவன் நாற்பதைத் தாண்டி வந்தவன். கீரைக்காரருக்கும் அப்பாவின் சேக்காட்டு நண்பருக்கும் முகம் தெரியாத எத்தனையோ பேருக்கும் பொருந்திய உடம்பு, சொந்தக்காரனை ஏற்றுக்கொள்ளவில்லை. யாரோ ஒருவர் டில்லியின் சட்டையைப் போட்டுக்கொண்டு சிரிப்பது போல இருந்தது. படத்தை மூடிவிட்டேன்.

செல்வியைக் கூப்பிட்டேன். பார்த்ததைச் சொல்லவில்லை. வேறு என்ன சட்டை போடட்டும் என்று மட்டும் கேட்டேன்.

"ஊதா கட்டம் போட்டது ஒண்ணு போடுவாருக்கா. தீபாவளிக்கு எடுத்தது. அதுமாரி போடு. அந்த வெள்ளைய இவருக்கும் போட்டா, பத்தோட பதினொண்ணா இவரும் பூடுவாருக்கா. எனக்குன்னு எங்க கீறாரு அப்புறம்?"

6

ஊதாக் கட்டச் சட்டையில் ஒரு உடம்பு வேண்டும். படம் விற்கும் தளங்களில் தேடினால் கட்டச் சட்டை போட்ட விறகுவெட்டிகள்தான் வந்தார்கள். என் கணவரிடம் ஒரு ஊதாக் கட்டச் சட்டை உண்டு. போட்டுக்கொண்டு நிற்கிறீர்களா என்று கேட்டேன். எதற்கு என்றார், சொன்னேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "வேணாம்மா. எனக்குப் பழக்கமில்ல இதெல்லாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சட்டையை மட்டும் கட்டிலின் மேல் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நானே போட்டுக்கொண்டேன். வளையலைக் கழற்றினேன். கூடத்து ஜன்னல் பக்கம் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டேன். யார் எடுப்பது?

"மகிழ், கொஞ்சம் வா."

வந்தாள். அப்பாவின் சட்டையில் நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள். சொல்லும்வரை சிரித்தாள். சொல்லி முடித்ததும் அவள் மொழியில் ஒரு வார்த்தை சொன்னாள், பேய் உலாவும் வீட்டுக்குச் சொல்கிற வார்த்தை. பிறகு தமிழுக்கு வந்தாள், தடுக்கித் தடுக்கி.

"அம்மா, நீ இருக்கிறியே. உன் உடம்பு எப்படி... செத்தவங்களுக்கு?"

"டில்லி மாமா அப்படித்தான் குடுத்தாரு."

"இப்ப அவர் செத்துட்டார்."

போனை நீட்டினேன். அவள் போனை வாங்கிக்கொண்டாள். இரண்டு கையையும் குவித்தேன். தோளைக் கொஞ்சம் இறக்கு என்றாள், மூச்சு விடு என்றாள். அவளுக்கும் கண் இருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் நகர்ந்தாள். எடுத்து முடித்ததும் போனைக் கொடுக்காமல், படத்தில் என் முகம் இருக்கிற பக்கத்தை விரலால் மூடிப் பார்த்தாள். அப்புறம் விரலை எடுத்துப் பார்த்தாள். என் பக்கத்தில் வந்து அந்தச் சட்டையோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ நாள் கழித்து.

போன வருடம் இங்கே வசிப்பு அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது நடந்தது அப்போது ஞாபகம் வந்தது. நானே எடுத்த போட்டோவில் கண்ணுக்குக் கீழே கறுப்பைக் கொஞ்சம் துடைத்திருந்தேன். கை சும்மா இருக்காது. அலுவலர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்கள் இல்லை" என்றார். பதற்றத்தில் ஜெர்மன் புரண்டு, முன்பு ஊரில் செய்து பழகிய கை என்று சொல்வதற்குப் பதிலாக, "நான் செத்தவர்களுக்குச் செய்வேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூலையில் இருந்த போட்டோ எந்திரத்தில் போய் உட்காரச் சொன்னார்.

என் முகத்தைக் கழுத்து வரைக்கும் வெட்டினேன். மணிக்கட்டைக் கொஞ்சம் தடியாக்கினேன், தோளை அகலமாக்கினேன். கட்டைவிரல் நகத்தில் கறுப்பு வைத்துப் பார்த்தேன். தத்ரூபமாக வந்தது. திருடுகிற மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன். டில்லியின் தலையைக் கொண்டுவந்து வைத்தேன். கொஞ்சம் சாய்த்ததும் உட்கார்ந்தது.

பெயரை வாய்விட்டுப் படித்தேன். டில்லிபாபு. ஒன்றும் தப்பில்லை. அனுப்பினேன்.

செல்வி உடனே கூப்பிட்டாள். "அவரே மாரி கீறாருக்கா." பிறகு கேட்டாள், "இது யாரு ஒடம்புகா? பூட்டவங்களா?"

"இல்ல செல்வி. இருக்கிறவங்கதான்."

"தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவங்கதான்."

"அவங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

7

வெள்ளிக்கிழமை பேசினேன். ரயில் அட்டவணை, தேயிலைப் பொட்டலம் என்று எதுவும் ஜோடிக்கவில்லை. திரையில் ஒரே ஒரு படம் போட்டேன். வெள்ளைச் சட்டை, குவித்த கை, தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. நான் முகத்திலிருந்து ஆரம்பிப்பேன், ஏனென்றால் மற்றதெல்லாம் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று எங்கள் ஊரில் பழகினோம் என்றேன். கேக் சாப்பிட்டவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"இவர் யாருக்கு வணக்கம் சொல்கிறார்?" என்று ஆன்யா கேட்டாள்.

"பெண் வீட்டாருக்கு" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு நிறுத்த முடியாமல் அழுதேன். ஆன்யா என் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றாள். அவள் கையின் சூட்டை உணர்ந்தபடியே, இதை எடுக்க வேண்டுமானால் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டது. இந்த மனத்தை என்ன செய்ய?

காரியம் முடிந்த அன்று செல்வி ஒரு போட்டோ அனுப்பினாள். அவர்கள் தெருமுனை, டீக்கடைக்குப் பக்கத்தில். பின்னால் மெட்ரோவுக்கு எழுப்பிய தூண்கள். சவுக்குக் கட்டையில் பேனர் விறைப்பாகக் கட்டியிருந்தது. டில்லி வாய் நிறையச் சிரிக்கிறான். கழுத்துக்குக் கீழே நான். ஊருக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது, லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் விலை, மகிழுக்குப் பரீட்சை என்று ஏதோ ஒன்று. இதோ பூந்தமல்லித் தெருவில் வெயிலில் நிற்கிறேன். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன்.

அதே கட்டையின் இடது பக்கத்தில் இன்னொரு பேனர் இருந்தது. அதே வாரம் போன யாரோ ஒரு பெரியவர், எனக்குத் தெரியாதவர். எந்தக் கடையில் அடித்தார்களோ. வெள்ளைச் சட்டை, குவித்த கை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

பழைய கடையில் நாங்கள் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. இடது பக்கம் அவன், வலது பக்கம் நான்.

அப்புறம்தான் மாலையைக் கவனித்தேன். டில்லியின் பேனரில் மாலை இல்லை. நல்ல கனமான சாமந்தி மாலை, அந்தத் தெரியாத பெரியவரின் பேனரில், குவித்த கைக்கு நேராகத் தொங்கியது. காரிய வீட்டு அவசரத்தில் யாரோ இடம் மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். செல்விக்கு எழுதினேன், மாலை மாறிப்போயிருக்கிறது, பக்கத்து பேனரில் இருக்கிறது, பார் என்று.

பதில் குரலாக வந்தது. தெருவில் நின்றுதான் பேசியிருக்கிறாள், பின்னால் ஷேர் ஆட்டோக்காரன் கோயம்பேடு கோயம்பேடு என்று கத்துவது கேட்டது.

"மாறலக்கா. நான்தான் போட்டேன். அந்த ஊட்டுக்காரங்க கூட இன்னாம்மா எங்காளுக்குப் போடறியேன்னு கேட்டாங்க. மூஞ்சிதான் ஊட்டுல மாட்டி வெச்சிகினு கீறேனே. கையி இங்கதானக்கா கீது."